‘ஓடு மாற்றல்’ என்று எழுதினேன்

எங்கள் பழைய ஒன்றிய அலுவலகத்தில் இப்போது உதவிப் பொறியாளராக இருக்கும் கயல்விழி போன மாதம் வீட்டுக்கு வந்தார். கைப்பேசியில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூரையைக் காட்டினார். ட்ரோன் விட்டு எடுத்த படம். ஒவ்வொரு ஓடும் தனித்தனியாகத் தெரிந்தது, ஓட்டின் மேல் உட்கார்ந்திருந்த மைனாவின் மஞ்சள் மூக்கு உட்பட. முப்பது வருடத்துக்கு மேல் ஏணியில் ஏறி இறங்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டவன் நான். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சார், இதை ரிப்பேர் பண்ணாப் போதுமா, மொத்தமா மாத்தணுமா? எந்த கன்ட்ராக்டர நம்பிக் குடுக்கறது?” என்று கேட்டார்.

“மேலேருந்து அழகாத்தான் இருக்கும்மா. அடியில படுத்துப் பாத்தீங்களா?” என்றேன்.

சிரித்தார். கிழவன் வேடிக்கை பேசுகிறான் என்று நினைத்திருப்பார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. சொல்லி முடிக்க மூன்று டம்ளர் காபி ஆனது. அதை அப்படியே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதால் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா தரங்கம்பாடிப் பக்கம் வயல் வேலை பார்த்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் தேய்த்து, ஒன்றியத்தில் ஓவர்சீயர் ஆனேன். நான் பிறந்த வீடு கீற்று வீடு. ஓட்டுக்குக் கீழே முதன்முதலாகத் தூங்கியது விடுதியில்தான். அதனாலோ என்னவோ, ஓடு போட்ட கட்டடம் என்றாலே அது பத்திரமானது என்ற நினைப்பு எனக்குள் ஊறிப்போயிருந்தது. ஓவர்சீயருக்கு ஆகாத நினைப்பு அது.

அறுபத்தேழில் ஆட்சி மாறி, கட்சிக் கரை வேட்டி கட்டியவர்கள் அலுவலகத்துக்குள் உரிமையோடு வந்து நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரத் தொடங்கியிருந்த காலம். வெளியே வயலில் வேறொரு கணக்கு நடந்துகொண்டிருந்தது. அறுவடைக் கூலியில் நெல் கூட்டிக் கேட்டுத் தொழிலாளர்கள் கொடி ஏற்றினார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆள் இறக்கினார்கள். ஊருக்கு ஊர் போலீஸ் கொட்டகை போட்டிருந்தது. நான் சொல்லப்போவது திருக்கடையூருக்குக் கிழக்கே, கடல் காற்று எட்டும் தூரத்தில் உள்ள ஓர் ஊரைப் பற்றி. பெயரை விட்டுவிடுகிறேன். அன்று எதிரெதிராக நின்ற இரண்டு தரப்பின் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே பேருந்தில் கல்லூரிக்குப் போகிறார்கள்.

அந்த ஊரில் வயல் தொழிலாளர் தெருவில் ஒன்றியத்தின் ஆரம்பப் பள்ளிக்கூடம் இருந்தது. ஒரே கூடம். சீமை ஓட்டுக் கூரை. சுவருக்குச் சுவர் குறுக்கே மூன்று விட்டங்கள். நடு விட்டத்தின் மேல்தான் முகட்டின் பாரம் முழுக்க இறங்கும். ஆசிரியை லில்லி டீச்சர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோயிலில் பார்த்தால் அண்ணன் என்பார்.

ஒரு சித்திரையில் அந்தக் கூரையைப் பார்க்கப் போனேன். உச்சி வெயிலில் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தின் நடுவில் நின்றால் கூரையில் எங்கெல்லாம் வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ அங்கெல்லாம் ஓடு உடைந்திருக்கிறது என்று அர்த்தம். எண்ணிக் குறித்தேன். சுவர் ஓரமாகத்தான் நிறையப் புள்ளி. அதனால் மழை நாளில் பிள்ளைகளைச் சுவரை விட்டு நகர்த்தி நடுவில் உட்கார வைப்பதாக டீச்சர் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார்.

“அண்ணே, காலையில கூட்டினா மாவு மாதிரி ஒண்ணு கெடக்கு. பிள்ளைங்க சிலேட்டு மேலயும் விழுது.”

“சுண்ணாம்பு உதிரும் டீச்சர். பழைய கட்டடம்தானே,” என்றேன்.

நான் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அலுவலகம் போய்க் குறிப்பில் ‘பழுதான மேற்கூரை ஓடு மாற்றல்’ என்று எழுதினேன். ஓட்டை இறக்கும்போது மரம் கெட்டிருந்தால் கன்ட்ராக்டர் கண்ணில் படும், வந்து சொல்வார், அதையும் மாற்றிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். எண்ணத்தைக் காகிதத்தில் எழுதவில்லை.

வேலையை எடுத்தவர் தாமோதரன். கரை வேட்டிதான். ஆனால் வேலையில் சோம்பேறி இல்லை. ஓட்டை இறக்கினார். பாசியைத் தேய்த்துக் கழுவினார். விரல் முட்டியால் ஒவ்வொன்றையும் தட்டி, கணீர் என்றதை வைத்துக்கொண்டு, மொத்தென்றதை ஒதுக்கினார். புது ஓடு சேர்த்துத் திரும்ப அடுக்கினார். கடைசியில் விட்டத்துக்கெல்லாம் தார் பூசிவிட்டார். போய்ப் பார்த்தேன். ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை. மரம் கருகருவென்று மின்னியது. ‘கூரை நல்ல நிலையில் உள்ளது’ என்று கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வருடம் புதுப் பொறியாளர் வந்தார். கோவிந்தராஜன். என்னைவிட மூன்று வயது இளையவர், நேரடியாகத் தேர்வாகி வந்தவர். அவர் கட்டடம் பார்க்கும் முறையைப் பார்த்து அலுவலகமே சிரித்தது. மாட்டுக் கொட்டகையாக இருந்தாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைவார். தோளில் கிடக்கும் துண்டைத் தரையில் விரித்து நடுவில் மல்லாந்து படுத்துக்கொள்வார். பேச மாட்டார். பதினைந்து நிமிடம், சில நாள் அரை மணிகூட ஆகும். பியூன் வெளியே நின்று, “ஐயா நித்திரையில் இருக்கிறார்” என்பான். எழுந்ததும் அங்கே புழங்குகிறவர்களிடம் ஒரே கேள்வி கேட்பார்: “மழையில பாத்திரம் எங்க வைப்பீங்க?” அவர்கள் காட்டும் இடத்துக்கு நேர் மேலே பார்க்க மாட்டார். அங்கிருந்து கூரையின் சரிவோடு கண்ணை மேலே கொண்டுபோவார். தண்ணீர் விழுகிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு என்பது அவர் கட்சி.

அவர் அப்பா நெல் தரகர். மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே குத்தி நெல்லை மாதிரி எடுத்துப் பார்க்கிற குத்தூசி ஒன்று அவர் பையில் எப்போதும் இருக்கும். அதை எதற்கு வைத்திருக்கிறார் என்று எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்தது.

புரட்டாசி மாதம். வழக்கமான பார்வைதான். பாடம் நடந்துகொண்டிருந்தது. அவர் பிள்ளைகளுக்கு நடுவே துண்டை விரித்துப் படுத்ததும் கூடம் முழுக்கக் கொல்லென்று சிரிப்பு. அவரும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது. சட்டைப் பையின் மேல் விழுந்திருந்த மாவை விரலால் தொட்டுப் பார்த்தார். எழுந்து பெஞ்சைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறி, நடு விட்டம் சுவரில் உட்காரும் இடத்தில் குத்தூசியை வைத்து அழுத்தினார்.

குத்தூசி கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது அதன் குழி வழியாக மாவு தவிடு போலக் கொட்டியது.

அவர் குரல் உயரவில்லை. “டீச்சர், பிள்ளைங்களுக்கு வெளிய மரத்தடியில பாடம் எடுங்களேன். சத்தம் போடாம, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வரச் சொல்லுங்க.”

லில்லி டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். பிள்ளைகள் வரிசையாக எழுந்து போனார்கள். நான் கதவருகே நின்று எண்ணினேன். அறுபத்து மூன்று.

மறுநாள் கோப்பு அவர் மேசைக்குப் போனது. தாமோதரனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“ஓடு மாத்தறதுன்னா என்ன, ஓவர்சீயர்?” என்று என்னிடம் கேட்டார்.

“கெட்டதை எடுத்துட்டு நல்லதைப் போடறது சார். மரம் உட்பட.”

தாமோதரன் எழுந்துவிட்டார். “சார், நம்ம பக்கம் ஓடு மாத்தறதுன்னா அது இல்ல சார். எறக்கி, தொடச்சி, ஒடஞ்சத ஒதுக்கிட்டுத் திரும்ப அடுக்கறது. எங்க வீட்லயே வருசா வருசம் ஓடு மாத்துவோம். மரத்த ஓவர்சீயர் பாத்துட்டுத்தான் ஓடு மட்டும் எழுதியிருக்காருன்னு நெனைச்சேன்.”

அவர் சொன்னது சரி. எங்கள் வீட்டிலும் பின்னாளில் அப்படித்தான் சொன்னோம். ஊர் முழுக்க ஒரு பொருளில் வழங்குகிற சொல்லை நான் அலுவலகப் பொருளில் எழுதிவிட்டேன். மரத்தை அவர் பார்ப்பார் என்று நான் இருந்தேன், நான் பார்த்திருப்பேன் என்று அவர் இருந்தார். நடுவில் அறுபத்து மூன்று பிள்ளைகள் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தார்கள்.

கோவிந்தராஜன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். ஒரு பக்கம் ‘இறங்குவது’, மறுபக்கம் ‘ஏறுவது’. “மாத்தறது, சீர் செய்யறது, புதுப்பிக்கறது, இந்த வார்த்தை எதுவும் இனிமே நம்ம ஆபீசுல வேண்டாம். கூரையிலேருந்து என்ன எறங்குது, என்ன ஏறுது, அத மட்டும் எழுதுங்க,” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

புது வேலைக்கு இரண்டு கன்ட்ராக்டர்களைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார். “வேலையில முதல்ல என்ன செய்வீங்க?” நகரத்திலிருந்து வந்தவர், “ரெண்டே நாள்ல ஓட்டை இறக்கிடுவோம் சார்,” என்றார். தாமோதரன் யோசித்துச் சொன்னார்: “ஆள மேல ஏத்த மாட்டேன் சார். மொதல்ல கீழேருந்து விட்டத்துக்கு ஏழு சவுக்கு முட்டு குடுத்துடுவேன். அப்புறம் ரெண்டு பக்கமும் ஒரே சமயத்துல எறக்குவேன். ஒரு பக்கம் மட்டும் எறக்கினா பாரம் சாஞ்சிடும்.” வேலை தாமோதரனுக்கே போனது. கன்ட்ராக்டரின் கறை வேட்டியையும் பார்க்காதீர்கள், கரை வேட்டியையும் பார்க்காதீர்கள். முதலில் எதில் கை வைப்பேன் என்கிறார், அதைக் கேளுங்கள். கயல்விழிக்கு நான் சொல்லக்கூடிய பதில் இவ்வளவுதான்.

முட்டுக் கொடுத்து ஓட்டை இறக்கினோம். தாமோதரன் நடு விட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். தார் பூசிய தோல் அமுங்கியது. உள்ளே மரமே இல்லை. வாகை மரம், உளுத்து மாவாகிவிட்டிருந்தது. பிறகு எது தாங்கியது? இரண்டு பக்கத்துச் சாய்வான கைமரங்களும் உச்சியில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, தங்கள் பாரத்தைத் தாங்களே பிடித்து நிறுத்தியிருந்தன. ஒரு புயல் காற்று, ஏன், மேலே ஒரு ஆள் கனமாக ஏறியிருந்தாலே போதும். நான் ஆண்டவரை நம்புகிறவன். ஆனால் அன்று ஜெபம்கூட வாயில் வரவில்லை.

செய்தி தெருவுக்குப் பரவிவிட்டது. கூரை திறந்து கிடந்தது, ஐப்பசி மழை வாசலில் நின்றது. மண் சாந்தில் கட்டிய சுவர் ஒரு மழைக்குக் கரைந்துவிடும். பள்ளிக்கூடம் இல்லாமல் போனால் பிள்ளைகள் மாடு மேய்க்கப் போய்விடுவார்கள், திரும்ப வர மாட்டார்கள் என்று லில்லி டீச்சர் தினமும் சொன்னார்.

மாயவரம் மரவாடியிலிருந்து தேக்கு விட்டமும் புது ஓடும் லாரியில் வந்து பெரிய சாலையில் இறங்கின. அங்கிருந்து தெருவுக்கு ஒரே வண்டிப்பாதை. அது மிராசுதார் களத்தின் வழியாகப் போகிறது. பொறியாளரும் நானும் அவருடைய காரியக்காரரைப் பார்க்கப் போனோம். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

“பள்ளிக்கூடத்துக்கு நாங்க விரோதி இல்லீங்க. ஆனா கூலித் தகராறு முடியற வரைக்கும் அந்தத் தெருவுக்கு எங்க பாதையில வண்டி போறதா இல்லீங்க,” என்றார்.

தாசில்தாருக்கு எழுதினால் பதில் வருவதற்குள் மழை வந்துவிடும். சாலையில் ஓட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று விழித்துக்கொண்டிருந்தோம். தெருவிலிருந்து அஞ்சலை வந்தாள். முப்பது வயது இருக்கும். நடவுக்குப் போகிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. கணவன் போராட்ட வழக்கில் உள்ளே இருந்தான். மகள் செல்வி பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு, மழைக்குப் பயந்து நடுவில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளில் ஒருத்தி.

“வண்டி போவலன்னா என்னங்கய்யா, கை போவாதா? வாய்க்கா கரை பொறம்போக்குதான? யாரு கேக்கறது?” என்றாள்.

அரை மணியில் பெண்கள் வந்துவிட்டார்கள். ஆண்களில் பாதிப் பேர் சிறையில், மீதிப் பேர் தலைமறைவு. பெரிய சாலையிலிருந்து பள்ளிக்கூடம் வரை வாய்க்கால் கரையில் கை எட்டும் தூரத்தில் ஒருத்தி பின் ஒருத்தியாக நின்றார்கள். நடவு நாளில் நாற்று முடி கைமாறுவது போல ஓடு கைமாறத் தொடங்கியது. ஒரு வார்த்தை இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. சிவப்பாக ஒரு கோடு கரையோரமாக நகர்ந்துகொண்டே இருந்தது. எவ்வளவோ வேலை பார்த்திருக்கிறேன், அதைப் போல ஒன்றை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தேக்கு விட்டத்தைப் பன்னிரண்டு பெண்கள் தோளில் வாங்கிக்கொண்டு சேற்றில் கால் புதையப் புதையக் கொண்டுபோனார்கள்.

தடை உத்தரவு அமலில் இருந்த நேரம். ஐந்து பேர் சேர்ந்து நிற்கக் கூடாது. சப் இன்ஸ்பெக்டர் நான்கு போலீஸ்காரர்களோடு வந்துவிட்டார்.

“என்ன சார் இது, கூட்டம் கூடியிருக்கு?”

கோவிந்தராஜன் பணிவாகச் சொன்னார்: “கூட்டம் இல்லீங்க. தனித்தனியாத்தான் நிக்கறாங்க. எங்கயாவது ரெண்டு பேர் சேந்து நின்னா சொல்லுங்க, பிரிச்சு விட்டுடறேன்.”

சப் இன்ஸ்பெக்டர் வரிசையின் நீளத்தைப் பார்த்தார். என்ன எழுதுவது என்று அவருக்கும் விளங்கவில்லை. அதற்குள் வரிசையில் ஓர் இடைவெளி விழுந்த இடத்தில் நின்றிருந்த போலீஸ்காரரிடம் ஒரு பெண் பேசாமல் ஓட்டை நீட்டிவிட்டாள். கீழே போட முடியுமா? லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாங்கி அடுத்த கையில் கொடுத்தார். அடுத்த ஓடும் வந்தது. பொழுது சாயும் வரை அவர் அங்கேதான் நின்றார்.

நானும் வரிசையில் நின்றேன். எனக்கு இடப்பக்கம் அஞ்சலை. நூறு ஓட்டுக்கு மேல் கைமாறிய பிறகு என்னால் தாங்க முடியவில்லை.

“அஞ்சல, போன வருசம் கூரை நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நான்தான்மா. அண்ணாந்து பாக்காமப் போட்டேன்.”

அவள் கையில் ஓடு நின்றது. வரிசை முழுக்க நின்றது. என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஓட்டை என் கையில் வைத்தாள். அன்று இரவே கோப்பிலும் அதை எழுதிக் கொடுத்தேன். என் பதவி உயர்வு தள்ளிப்போனது. அது நியாயம்தான்.

ஒன்பது நாளில் கூரை ஏறியது. விட்டத்தின் கீழே ஏழு முட்டு மட்டும் பாக்கி. முட்டை எடுத்துவிட்டால் பாரம் முழுக்கப் புது மரத்தில் இறங்கும். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தெரு முழுக்கப் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. பிள்ளைகளை உள்ளே அனுப்பலாம் என்று பொறியாளர் சொன்னார். ஒரு தாயும் பிள்ளையின் கையை விடவில்லை.

“சட்டப்படி எல்லாம் சோதிச்சாச்சும்மா. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்,” என்றார்.

அஞ்சலை முன்னால் வந்தாள். “கையெழுத்த நம்பித்தான்யா ஒரு வருசம் ஒக்கார வச்சோம். இன்னொரு கையெழுத்து வேணாம். முட்ட எடுக்கறப்ப அதுக்குக் கீழ ஒங்கள்ல யாராச்சும் நில்லுங்க.”

முட்டெடுக்கும்போது கீழே ஆள் நிற்கக் கூடாது என்பது எங்கள் விதி. கோவிந்தராஜன் அவளிடம் அந்த விதியைச் சொல்லவில்லை. அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். “இது என்னோடது சார்,” என்றேன். விட்டத்துக்கு நேர் கீழே, கூடத்தின் நடுவில் போய் நின்றேன்.

தாமோதரன் சுத்தியலோடு இரண்டு ஓரத்து முட்டிலிருந்தும் நடுவை நோக்கி ஆரம்பித்தார். ஒன்று விழுந்தது. இரண்டு. மூன்றாவது விழுந்தபோது மேலே ஓடுகள் ஒரு தரம் கலகலத்து அடங்கின. ஓடிவிடலாமா என்று கால் நினைத்தது, மறைக்க ஒன்றுமில்லை. நான்கு, ஐந்து, ஆறு. கடைசி முட்டு என் முகத்துக்கு இரண்டு முழம் தள்ளி இருந்தது. தாமோதரன் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். அடித்தார். அது சாய்ந்ததும் தேக்கு விட்டம் ஒரு தரம் ‘ம்’ என்று முனகிப் பாரத்தை வாங்கிக்கொண்டது. அந்தச் சத்தம் என் மண்டைக்குள் இறங்கியது. அப்புறம் எதுவும் அசையவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் சடசடவென்று கொட்டியது, உள்ளே ஒரு சொட்டு இல்லை.

நான் நகரவில்லை. வாசலில் யாரும் நகரவில்லை. எல்லாரும் நனைந்துகொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அஞ்சலை மகளின் கையை விட்டாள்.

“போ, ஒன் எடத்துல ஒக்காரு.”

செல்வி சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நேராக என்னிடம் வந்து நின்றாள். நான் நின்றுகொண்டிருந்ததுதான் அவள் உட்காரும் இடம். நகர்ந்து கொடுத்தேன்.